ஏறச் சொன்னவள்

கேப்டன் அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது எங்கள் செருப்புகள்தான். மாரண்டஹள்ளியில் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில், ஆளுக்கொரு செருப்பை வாங்கி மண்ணில் வரிசையாக வைத்து ஆட்டத்தை விளக்குவாள். பின்னால் நான்கு, நடுவில் மூன்று, முன்னால் மூன்று. அதுவரை எங்கள் பெண்கள் அணிக்குத் தெரிந்ததெல்லாம் கோலுக்கு முன்னால் கூட்டமாக நின்று, வந்த பந்தை ஓங்கி உதைப்பதுதான். நான் லெஃப்ட் பேக், பின்வரிசையில் இடது ஓரம். என் செருப்பை அவள் கோட்டோரமாக மேலே தள்ளுவாள். இடப்பக்க ஃபார்வர்டு உள்ளே நகர்ந்தால் அவளைத் தடுப்பவளும் கூடவே போவாள், கோட்டோரம் காலியாகும், அங்கே நான் ஓடிப் பந்தை வாங்க வேண்டும். நான் விட்டுவந்த இடத்துக்கு, நடுவில் ஆடும் அக்கா இறங்கிவிடுவாள். "நீ திரும்பிப் பாக்காத. பின்னாடி நான் நிக்கறேன்" என்பாள். நானும் திரும்பிப் பார்த்ததில்லை. அப்படித்தான் ஏரியூரையும் கம்பைநல்லூரையும் ஜெயித்தோம். மண்டியில் தக்காளிப் பெட்டி தூக்கும் அப்பா, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு என் ஆட்டத்தைப் பார்க்க வந்தார்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்த பி.டி. சாருக்கு மட்டும் இதில் பயம். மாவட்ட ஃபைனலுக்கு முன்பு, லெஃப்ட் பேக் இடத்தைவிட்டு அசையக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாநில அணிக்கு ஆள் எடுப்பவர்கள் வந்து நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றபோது அக்கா என் பக்கம் வந்தாள். "சார் சொன்னத வுடு. நீ ஏறு, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

ஏறினேன். பந்து வந்தது, கோலுக்கு முன்னால் தூக்கி அடித்தேன். அவர்களுடைய கோல்கீப்பர் பிடித்து நீளமாக உதைக்க, அது நேராக என் இடத்தில் போய் விழுந்தது. அப்போதுதான் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. அக்கா எதிரணியின் கோலருகே, பந்தை எனக்குப் போடு என்று கையைத் தூக்கியபடி நின்றிருந்தாள். கோல் போட ஆசைப்பட்டது தப்பில்லை. ஆள் எடுப்பவர்கள் கோல் போடுகிறவளைத்தானே பார்ப்பார்கள். அந்தப் பந்தில் விழுந்த கோலால் நாங்கள் தோற்றதையும் மறந்திருப்பேன்.

ஆட்டம் முடிந்ததும் எல்லோர் முன்னாலும் சார் கேட்டார், யார் ஏறச் சொன்னது என்று. அக்கா ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே, "நாஞ் சொல்லலைங்க சார். அவளாத்தான் ஏறிட்டா" என்றாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நிமிரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அப்பா நின்றிருந்தார். அக்காவை மாநில அணிக்கு எடுத்தார்கள், பிறகு அதை வைத்தே வேலையும் கிடைத்தது. நான் அதற்குப் பின் பந்தைத் தொடவில்லை. ஆடியதை என் மகளிடம்கூடச் சொன்னதில்லை.

இப்போது அக்கா பாலக்கோட்டில் என் மகள் படிக்கும் பள்ளியில் விளையாட்டு டீச்சர். மகள் அணியில் சேர்ந்தபோதும் வாயைத் திறக்காமல்தான் இருந்தேன். போன வாரம் அவள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "அம்மா, எங்க டீச்சரு டீம்ல ஒரு லெஃப்ட் பேக் இருந்தாளாம். சொன்ன பேச்சு கேக்காம மேல ஏறி ஃபைனலையே தோக்க வச்சிட்டாளாம். அவளாட்டம் ஆடாதீங்கன்னு சொன்னாங்க."

இத்தனை வருடமாக, பிள்ளைகளுக்குப் பாடமாக என்னை இப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"அது நாந்தான்" என்றேன். "ஏறச் சொன்னது உங்க டீச்சர்."

மகள் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு, "அப்ப நீ ஏம்மா அன்னிக்கே சொல்லல?" என்று கேட்டாள்.

"அவங்களே சொல்லிருவாங்கன்னு நெனச்சேன்" என்றேன்.