வால்வு செட்டுக்கு ஒரு பரீட்சை

பழைய ஆம்ப்ளிபயரைப் பழுது பார்க்கும் தொழிலில் பெட்டியைச் சரிசெய்வது பாதி வேலைதான்; மீதிப் பாதி, பெட்டிக்குச் சொந்தக்காரரின் காதோடு மல்லுக்கட்டுவது. வீட்டில் ஒரு பழைய செட்டை வைத்துக்கொண்டு, தூக்கிப்போடவும் மனமில்லாமல் வீட்டாரிடம் ஏச்சும் வாங்கிக்கொண்டிருக்கும் என் இனத்தாரே, ராஜபாளையத்தில் கடை வைத்திருக்கும் நான் பட்டதையும் கொஞ்சம் கேளுங்கள்.

காணாமல்போன உறுமல்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர், பட்டாளத்தில் இருந்தபோது வாங்கிய ஆம்ப்ளிபயரைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார். போட்டுப் பார்த்தால் பாட்டுக்கு அடியில் ஒரு உறுமல் ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளே கண்டன்சர்கள் உப்பிப்போயிருந்தன. அத்தனையையும் மாற்றினேன். உறுமல் போன இடம் தெரியவில்லை. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். முகம் தொங்கிப்போனது. என்ன குறை என்று கேட்டேன். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பின்னால ம்ம்ம்னு ஒரு சத்தம் வந்துக்கிட்டே இருக்குமே, அதை எங்க வச்சிய? அதுல்லா பாட்டுக்குச் சுருதி!"

எலி குடியிருந்த பெட்டி

கான்சாபுரத்தில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர் புஷ்பம். சர்ச்சில் ஊருக்கே சோறு போடும் அசனமானாலும் அம்மன் கோயில் பொங்கலானாலும் கண்ணாடி வால்வு எரியும் அவருடைய பழைய செட்டுதான் பாடும். கொத்தனார் வேலைக்குப் போன கணவர் சாரத்திலிருந்து விழுந்து வீட்டோடு இருக்கிறார். செட்டு பாடினால்தான் உலை கொதிக்கும்.

போன வருஷக் கோயில் பொங்கலில் செட்டியார்பட்டியில் கும்மி நடக்கும்போதே செட்டு ஊமையாகிவிட்டது. இந்த வருஷம் புது டிஜிட்டல் செட்டுதான் என்று விழாக் கமிட்டி சொல்லிவிட்டது. புஷ்பம் கெஞ்சியதில், பந்தல்கால் நாட்டும் நாளில் இரண்டையும் போட்டுப் பார்த்து முடிவு செய்யலாம் என்று இறங்கி வந்தார்கள். அந்த ஊர் கைவிட்டால் சுற்றுவட்டாரமே கைவிட்டுவிடும்.

பெட்டியைத் திறந்தேன். எலி பிள்ளைகுட்டிகளோடு குடித்தனம் நடத்தியிருந்தது. வயரெல்லாம் கடிபட்டு, டிரான்ஸ்பார்மர் கருகிக் கிடந்தது. முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். புஷ்பம் முந்திக்கொண்டார். "அண்ணாச்சி, செத்த நேரம் யோசிச்சுச் சொல்லுங்க. முடியாதுன்னு சொல்றதுக்கு எங்க ஊர்லயே ஆளு இருக்கு. அதுக்காக பஸ் ஏறி வரல."

துண்டு போட்டு மூடி

டிரான்ஸ்பார்மரைப் புதிதாகச் சுற்றி, வால்வுகளை அங்கே இங்கே அலைந்து பிடித்துப் போட்டதும் செட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டது. பொறவு, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரே பாட்டு, ஒரே ஸ்பீக்கர், ஒரே அளவு சத்தம், இரண்டு பெட்டிமேலும் துண்டு: என் முறை இவ்வளவுதான். கண் பார்த்துவிட்டால் காது கட்சி சேர்ந்துவிடும். ரிப்பேருக்கு வந்திருந்த ஒரு டிஜிட்டல் பெட்டியைப் பக்கத்தில் வைத்து, கூட வேலை பார்க்கும் காளிராஜை உட்காரவைத்து மாற்றி மாற்றிப் போட்டேன்.

புதுசில் மேளம் நெஞ்சில் இடித்தது. நம்முடையதில் அதே மேளம் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி கேட்டது. குரல் மட்டும் பளிச்சென்று இருந்தது. காளிராஜ் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "ஒண்ணுல மேளக்காரன் பக்கத்துல நிக்கான், இன்னொண்ணுல பாட்டுக்காரன் பக்கத்துல நிக்கான். ஆடுற சனம் மேளக்காரன்ட்டதான அண்ணாச்சி போவும்?"

பேர் வாசித்த அன்று

செட்டியார்பட்டியில் அவன் சொன்னதுதான் நடந்தது. லாரியில் வந்த புது செட்டைப் போட்டதும் தரை அதிர்ந்தது, இளவட்டம் முழுக்க அங்கே போய் ஆடியது. எங்கள் செட்டுக்கு முன்னால் நானும் புஷ்பமும் ஒரு நாயும் நின்றோம். கமிட்டித் தலைவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. நான் வயரைச் சுருட்டலாமா என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

கால் நாட்டும் அன்றைக்கே நன்கொடை கொடுத்தவர்களின் பெயரை மைக்கில் வாசிப்பது அந்த ஊர் வழக்கம். தலைவர் புது செட்டில் வாசித்தார். பக்கத்தில் கணீரென்று கேட்டது; நாலு தெரு தள்ளி வெறும் குமுறல்தான் போயிருக்கிறது. வாசித்து முடிப்பதற்குள் அவருடைய செல்போன் அலற ஆரம்பித்துவிட்டது. கீழத் தெருவிலிருந்து ஒருவர், "எம் பேர ஏன் விட்டிய?" அவர் போனை வைத்ததும் அடுத்தவர். தலைவருக்கு வேர்த்துவிட்டது.

புஷ்பம் எங்கள் மைக்கை நீட்டினார். "இதுலயும் ஒருக்க வாசிங்க." வாசித்தார். நாலு திசையும் பார்த்துக் கட்டிய எங்கள் குழாய் ஸ்பீக்கர் அத்தனை பெயரையும் அட்சரம் பிசகாமல் கொண்டுபோனது. போன் ஓய்ந்தது. கடைசிப் பெயருக்குரியவர் தோட்டத்திலிருந்து பைக்கில் வந்து இறங்கினார். "மோட்டார் ரூமுக்குள்ள நின்னேன், எம் பேரு தேடி வருது!" என்று அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. புஷ்பம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தலைவர் கமிட்டியைப் பார்த்துச் சொன்னார்: "ஆட்டம் எதுல வேணாலும் ஆடட்டும். பேரு வருசா வருசம் புஷ்பம் செட்டுலதான் வாசிக்கணும். இல்லைன்னா அடுத்த பொங்கலுக்கு எவன் துட்டுத் தருவான்?"

ஆம்ப்ளிபயரைச் சோதிக்க எந்தப் பாட்டு நல்லது என்று இப்போதெல்லாம் யாராவது கேட்டால், பாட்டெல்லாம் வேண்டாம், கேட்கிறவர் பெயரை மைக்கில் சொல்லிப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.