உடனே மைக் மேடைக்கு வரவும்

கடலூரிலும் சிதம்பரத்திலும் திருவிழாவுக்கு மைக் செட் கட்டுகிறவனுக்குப் பாட்டுப் போடுவது பாதி வேலை. தொலைந்த பிள்ளைகளை உட்காரவைத்து அறிவிப்பது மீதி. கூட்டத்தில் பிள்ளையின் கையை நழுவவிட்ட உங்களுக்கு என் குரல் தெரிந்திருக்கும்.

தரிசனம்

சிதம்பரம் தேர். ஆறு வயதுப் பையன், அழவே இல்லை. அறிவித்ததும் அம்மா வந்தார். பாய்ந்து தூக்குவார் என்று நாற்காலியை நகர்த்தி வழிவிட்டேன். அவர் எட்டிப் பார்த்து, "இங்கதான் இருக்கானா? இருக்கட்டும். சாமி பாத்துட்டு வந்து கூட்டிக்கிறேன்" என்று கூட்டத்துக்குள் போய்விட்டார். எனக்குப் பையன்தான் ஆறுதல் சொன்னான்: "போன வருசமும் இங்கதாண்ணே உக்காந்திருந்தேன்."

மஞ்சள் சுடிதார்

அதே தேர், இன்னொரு வருடம். இரண்டாம் வகுப்புப் பையன் தானாகவே வந்தான். பேரைக் கேட்டு மைக்கை எடுத்தேன். வயரைப் பிடித்து இழுத்தான்.

"பேர் சொல்லாதீங்கண்ணே. அக்கா கைய வுட்டுடுச்சுன்னு அப்பாவுக்குத் தெரிஞ்சிடும்."

மஞ்சள் சுடிதார் போட்ட அக்கா வரவும் என்று மட்டும் அறிவித்தேன். பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள். தம்பியைத் தொடக்கூட இல்லை. என்னிடம் கேட்டாள்: "அப்பா காதுல வுழுந்திருக்குமா?"

பிள்ளை பிடிக்கிறவர்

காணும் பொங்கல், கடலூர் சில்வர் பீச். மூன்று வயதுப் பாப்பா. பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர் ஓடிவந்து, "எம் பொண்ணுங்க" என்று கையை நீட்டினார். அவள் என் காலைக் கட்டிக்கொண்டு அலறினாள். பிள்ளை பிடிக்கிறவன் என்று யாரோ கத்த, நாலு கைகள் ஓங்கின. கான்ஸ்டபிள் அவர் சட்டையைப் பிடித்தார்.

"குவைத்துலேர்ந்து நேத்துதான் சார் வந்தேன். போன்ல தினம் பேசுவா."

"தினம் பேசுற புள்ளைக்கு அப்பன் மூஞ்சி தெரியாதாய்யா?"

அவர் என் நம்பரைக் கேட்டு வாங்கினார். கான்ஸ்டபிள் பிடியிலேயே மேடைக்குப் பின்னால் போய் வீடியோ கால் போட்டார். என் போனைப் பாப்பாவிடம் காட்டினேன். அழுகை சட்டென்று நின்றது. முகமெல்லாம் சிரிப்பு.

"வாப்பா! இங்க ஒரு ஆளு என்னைத் தூக்கிட்டுப் போவ வந்திருக்காரு. நீ சீக்கிரம் வா."

கான்ஸ்டபிளின் கை அவர் சட்டையிலிருந்து இறங்குவது திரையில் தெரிந்தது. பத்தடி தள்ளி நின்றவர் திரையைப் பார்த்தே சொன்னார்: "வந்துகினே இருக்கேன்டா கண்ணு."

ஆதாரைப் பார்த்துப் பிள்ளையை ஒப்படைப்பது எங்கள் வழக்கம். ஒப்புக்கொள்ள வேண்டிய பிள்ளைகளுக்குத்தான் அதைப் படிக்கத் தெரிவதில்லை.