ஒரே விமானம் உள்ள கிளப்

'துடிப்பான இளைஞர், உயரத்தின் மீது தீராத காதல் கொண்டவர், மனத்தில் எதையும் வைத்துக்கொள்ளாதவர்' என்று தன் மாணவரை வர்ணிக்கிறது விமானப் பயிற்சிக் கையேடு. தையல்காரம்மாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. ஸ்டூலில் ஏறித் திரைச்சீலை மாட்டும் வேலையைக் கணவரிடமே தள்ளிவிடுவார். மனத்தில் வைத்துக்கொள்ளும் விஷயத்தில் மட்டும் கெட்டிக்காரர்: கோபத்தை மடித்து, இஸ்திரி போட்டு, கசங்காமல் வைத்திருப்பார்.

கோபம் தங்கை கணவர் மீது. அவர் விமானம் ஓட்ட லைசென்ஸ் வாங்கிய புதிதில் குடும்பத்தையே தம் விமான கிளப்புக்கு அழைத்துப்போனார். சின்ன விமானத்தில் ஏறுபவரை எடை பார்ப்பது வழக்கம். அந்த எடையை ஊருக்கே கேட்கும்படி வாசிப்பது வழக்கமில்லை. அவர் வாசித்தார்.

"அக்கா, நீங்க ஏறினா இது ரோட்டுலதான் ஓடும்!"

எல்லோரும் சிரித்தார்கள். கூடப் பிறந்தவளும் சிரித்ததுதான் உறுத்தியது.

விமானம் ஓட்டப் படிக்கப்போவதாகத் தையல்காரம்மா அறிவித்ததும் கணவர் மிரண்டார். ஆனால் மிரட்சியிலும் கடமை தவறாதவர், இடங்களை விசாரித்துவந்தார்.

"கடலோரத்துல ஒரு பள்ளி இருக்கு. எப்பவும் வெயில். மூணே வாரத்துல முடிச்சு அனுப்பிடுவாங்களாம்."

"நம்ம மாப்பிள்ளை கிளப்புலயும் அந்த மூணு வாரப் படிப்பு உண்டாங்க?"

"உண்டு. ஆனா ஒரே ஒரு விமானம், அதுவும் அரதப் பழசு. பாதி நாள் மழை. புத்தி இருக்கிறவங்க அங்க சேருவாங்களா?"

தையல்காரம்மா கிளப்புக்குப் போன் போட்டார். விமானம் பத்திரமா என்று கேட்கவில்லை.

"படிக்கிறவங்களுக்கும் மெம்பருக்கும் ஒரே நேரத்துல விமானம் வேணும்னா யாருக்குக் கொடுப்பீங்க?"

"படிக்கிறவங்களுக்குத்தாம்மா. வானம் எப்ப தெளியும்னு தெரியாதே, நாள் முழுக்க அவங்க பேர்லயே நிறுத்தி வச்சிடுவோம்."

"அவங்க பறக்கலேன்னா?"

"அப்பவும் நிக்கும்."

வாழ்க்கையில் முதன்முறையாகத் தையல்காரம்மாவுக்கு மழை பிடித்துப்போனது. தங்கை ஏற்கெனவே பெருமையடித்திருந்தாள்: அவள் கணவர் வருடாந்திர லீவில் தம் மேனேஜரை வானத்தில் சுற்றிக்காட்டி, பதவி உயர்வுக்கு அடிபோடப் போகிறார். அதே வாரங்களைத் தையல்காரம்மா கேட்டு வாங்கினார்.

மேனேஜர் புதுக் கறுப்புக் கண்ணாடியோடு வந்த நாளில் தூறிக்கொண்டிருந்தது. பயிற்சி அறையில் டீ குடித்துக்கொண்டிருந்த தையல்காரம்மாவிடம் தங்கை கணவர் குழைந்தார்.

"அக்கா, தூறல் நின்னதும் ஒரே ஒரு சுத்து. நம்ம குடும்பத்துக்குள்ள என்னக்கா?"

"படிப்பாச்சே மாப்ள. குடும்பத்தை அதுல கலக்கலாமா?"

"நீங்கதான் மேல போனாலே வாந்தி எடுக்கிறீங்களாமே!"

"எடுக்கிறேன். இன்னும் பழகணும்."

மேனேஜர் இரண்டாவது டீயையும் குடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார். தூறல் நின்றது; தையல்காரம்மா பாலிதீன் பையைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுபாதைக்கு நடந்தார்.

லைசென்ஸ் அவருக்குக் கிடைக்கவில்லை. கடைசிப் பரீட்சைக்கு அவர் போகவே இல்லை. தங்கை கணவரின் லீவு முடியும்வரை, ஒரு நாள்கூட விமானத்தை விட்டுக்கொடுக்கவில்லை.