சுவிட்சில் வைத்த சந்தனம்

காரோடு என்ற ஊரிலிருந்து வரும் பிந்துவின் விசிட்டிங் கார்டில் 'தகவல் தொழில்நுட்பக் குழுத் தலைவர்' என்று போட்டிருக்கிறது. குழுவில் வேறு யாரும் இல்லை. யாருக்குத் தலைவர் என்று முதலாளி சொன்னதில்லை, பிந்துவும் கேட்டதில்லை.

கம்பெனி நெய்யாற்றின்கரையைத் தாண்டி இருக்கிறது. நேந்திரங்காய் சிப்ஸ் வறுத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். இரண்டு வருடம் முன்பு ஜெர்மனியில் இருந்து ஒரு கடிதம் வந்தது. சிப்ஸ் பிரமாதம், ஆனால் உங்கள் தொழிலால் பூமிக்கு வரும் கேட்டைக் குறைத்துக் காட்டினால்தான் தொடர்ந்து வாங்குவோம் என்று எழுதியிருந்தார்கள். முதலாளி ராஜதாஸ் யோசித்துப் பார்த்தார். வறுக்கிற அடுப்பைத் தொட்டால் வியாபாரம் போய்விடும். லாரியைத் தொட்டாலும் அப்படியே. மிஞ்சியது கம்ப்யூட்டர்கள்.

"பிந்துவே, நம்ம ஐடி டீம் இத பாத்துக்கிடும் இல்லியா?"

"ஐடி டீம்னா நான் மட்டுந்தான் சாரே."

"அதத்தான் நானும் சொன்னேன். ஆபீஸ் கரண்டு குறைஞ்சு, ஜெர்மன்காரன் சரின்னு சொன்னா, ஆழ்ச்சைக்கு மூணு நாள் நீ வீட்டுல இருந்தே வேலை செய்யலாம். இது எனக்க வாக்காக்கும்."

வாரத்தில் மூன்று நாள். பிந்து அதற்கு முன் பூமியைப் பற்றி அதிகம் கவலைப்பட்டவர் அல்ல. இரண்டு பஸ் மாறி வந்து, இரண்டு பஸ் மாறிப் போய், இடுப்பு வலியோடு மீன் கழுவுகிறவருக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? வாக்கைக் கேட்ட பிறகு பூமியின் மேல் அவருக்கு உண்மையான அக்கறை வந்துவிட்டது.

முதலில் இரண்டு சர்வர்களின் வேலையை ஒன்றுக்கு மாற்றி மற்றதை அணைத்தார். சர்வர் அறை ஏசியைக் குறைத்தார். ஆபீஸில் குளிர்ச்சியாக இருந்த ஒரே அறை அதுதான் என்பதால் எல்லாரும் மத்தியானச் சோற்றை அங்கே கொண்டுபோய்த் தின்பது வழக்கம். ஒரே நாளில் பலரும் பிந்துவிடம் பேசுவதை நிறுத்தினார்கள்.

அடுத்தபடியாக, மாலை ஆறு மணிக்கு எல்லாக் கம்ப்யூட்டரும் தானே அணைந்துபோக ஒரு புரோகிராம் எழுதினார். அதற்கு எதிரியாக எழுந்தவர் கணக்குப் பிரிவின் பொன்னப்பன். ஆபீஸ் மதிலுக்குப் பின்னால்தான் அவருடைய வீடு. முன்பு ஒரு ஓண விடுமுறைக்கு அவர் அணைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் திரும்ப உயிர்பெறவில்லை. அன்றிலிருந்து அவர் அணைப்பதே இல்லை. அதைப் பார்த்து மற்றவர்களும் அணைப்பதில்லை. புரோகிராம் ஓடிய முதல் நாளே பொன்னப்பன் சேமிக்காமல் வைத்திருந்த வரிக்கணக்கு காணாமல் போனது.

"எனக்க கணக்க அழிச்சுப்போட்டு மரம் வளக்கப் போறாளாம் இவ!" என்று வராந்தாவில் நின்று கத்தினார்.

மனிதன் சொல்லாமல் மெஷின் அணையக் கூடாது என்று முதலாளி உத்தரவு போட்டார். அதன்பின் பிந்து ஒவ்வொரு மாலையும் மேசை மேசையாகப் போய் கெஞ்சி, அனுமதி கிடைத்ததை மட்டும் அணைப்பார். அதற்குள் கடைசி பஸ் போய்விடும். அதனால் ஒரு ஸ்கூட்டர் வாங்கினார். கம்பெனியின் கரண்டை மிச்சம் பிடிப்பதற்காகப் பெட்ரோல் எரிப்பதில் உள்ள நியாயத்தை யோசிக்க அவருக்குத் தெம்பு இருக்கவில்லை.

இப்படியே ஒரு வருடம் போனது. கரண்டு பெயருக்குத்தான் குறைந்தது.

பிறகு பூஜைவைப்பு வந்தது. அஷ்டமி மாலையில் புத்தகத்தையும் ஆயுதத்தையும் சரஸ்வதி முன் வைத்தால் விஜயதசமி காலை வரை யாரும் தொடக்கூடாது. இந்த ஆபீஸில் கம்ப்யூட்டர்தான் ஆயுதம். ராஜதாஸ் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் அவலும் பழமும் அவர் கணக்கில்தான் வரும். பிந்து ஒவ்வொன்றாகச் சந்தனம் வைத்துக்கொண்டு வந்தபோது, பொன்னப்பன் தானே குனிந்து சுவிட்சை அணைத்துக் கும்பிட்டு நின்றார்.

"அண்ணா, ஒருவேளை திரும்ப வராட்டி?"

"பூஜைக்கு வச்சது பிள்ளே. அம்மை பாத்துக்கிடுவா."

விஜயதசமியன்று எல்லாக் கம்ப்யூட்டரும் ஒழுங்காக வந்தன. பொன்னப்பனுடையது வழக்கத்தைவிட வேகமாக வந்தது. நெடுநாள் அணைக்காத எதையும் அணைத்துப் போட்டால் அப்படித்தான் வரும். பிந்து அதைச் சொல்ல வாயெடுத்தார். பொன்னப்பன் முகத்தில் இருந்த பக்தியைப் பார்த்ததும் வேறொன்று தோன்ற, வாயை மூடிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை மாலை ஒரு டப்பா மூடியில் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தார். "அண்ணா, அணைச்சுட்டு கொஞ்சம் நகருங்க, ஒரு பொட்டு வச்சுக்கிடுதேன். திங்கக்கிழமை காலம்பற வரைக்கும் யாரும் தொடண்டாம்."

பொன்னப்பன் மறுபேச்சில்லாமல் நகர்ந்தார். இரண்டே வாரத்தில், தினமும் மாலையில் வைத்தால் என்ன என்று அவரே கேட்டார். அவருக்கு வைத்ததைப் பார்த்து ஆபீஸ் முழுக்கப் பிந்துவையே வைக்கச் சொன்னது. பார்சல் பிரிவு லிஷா மட்டும் தடுத்தாள்.

"எனக்கு சந்தனம் வேண்டாம் பிந்து சேச்சி. நான் ஒரு ஜெபம் சொல்லி அணைச்சிடுவேன். மெஷினுக்கும் ஓய்வு உண்டுல்லியா?"

"எதையாவது சொல்லு மக்கா, அணைஞ்சா மதி, அது போதும்."

கரண்டு சட்டென்று இறங்கியது. ராஜதாஸ் இதற்கு 'ஊழியர் பழக்க மாற்றத் திட்டம்' என்று பெயர் வைத்து ஜெர்மனிக்கு எழுதினார். வீடியோவில் வந்த ஜெர்மன் அம்மாள் மிகவும் சந்தோஷப்பட்டு, இதை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது என்றார். சிப்ஸ் வியாபாரம் நிலைத்தது.

அன்றே பிந்து முதலாளி அறைக்குப் போனார்.

"சாரே, அந்த மூணு நாள்..."

"வாக்குன்னா வாக்குதான். ஆனா நீ வீட்டுல இருந்தா சந்தனம் யாரு வைக்கும்?"

"அவங்கவங்க வச்சுக்கிடட்டு."

முதலாளி பொன்னப்பனைக் கூப்பிட்டுக் கேட்டார். "நமக்கு நாமே வச்சுக்கிட்டா அது பூஜையா சாரே? பிந்துவுக்க கைராசியாக்கும் எல்லாம்" என்று அவர் மனப்பூர்வமாகப் புகழ்ந்தார். பிந்துவுக்கு அவரை வெறுக்கவும் முடியவில்லை.

வீட்டிலிருந்து வேலை செய்யும் திட்டமும் உண்டு என்று ராஜதாஸ் ஜெர்மனிக்கு எழுதிவிட்டிருந்தார். யாராவது வீட்டில் இருந்தாக வேண்டும். கணக்கு எங்கிருந்தும் பார்க்கலாம் என்பதால் பொன்னப்பனுக்கு ஒரு லேப்டாப் கொடுத்து, மதிலுக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அடுத்த அறிக்கையில் ஊழியர்களின் போக்குவரத்தையும் சேர்க்க வேண்டும் என்று ஜெர்மனியில் கேட்டார்கள். அதைக் கணக்கிடுவதும் ஐடி டீமின் வேலைதான். பாதிப் பேர் நடந்து வருகிறவர்கள், மீதிப் பேர் சைக்கிள், பஸ். பிந்து முதலாளியிடம் போய்ச் சொன்னார்:

"நம்ம ஆபீஸ்ல அதிகமா புகை விடுறது நானாக்கும் சாரே. என்னை வீட்டுல இருத்தினா பாதி கணக்கு குறையும்."

ராஜதாஸ் உண்மையாகவே யோசித்தார். "நீ இங்க பக்கத்துல ஒரு வாடகை வீடு எடுத்தா என்ன? பூமிக்கும் நல்லதாக்குமே."

வீட்டில், கொத்து வேலை முடித்து வந்து காலை நீட்டியிருந்த கணவன் ஷாஜி, "என்னத்த சொன்னாரு?" என்று கேட்டார்.

"நம்மள வீடு மாறச் சொல்லுதாரு. பூமி நல்லா இருக்கணும்னு."

"ஆளக் கொல்லுததுக்கு என்னெல்லாம் வழி! சரி, சோறு போடு."

அந்தச் சனிக்கிழமை ஆபீஸ் முழுக்க அணைத்துவிட்டு பிந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது போன் அடித்தது. பொன்னப்பன்.

"பிள்ளே, வீட்டுல இருக்கிற லேப்டாப்புக்கு யாரு வைக்கும்? நான் அணைக்காமலாக்கும் வச்சிருக்கேன்."

"வாறேன் அண்ணா" என்றார் பிந்து. ஹெல்மெட்டைக் கழற்றி, டப்பாவில் சந்தனம் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து, மதிலைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.