கமலாசனி எழுப்பிய வீடு

1986ஆம் ஆண்டு ஆனி மாதம், தென்மேல் பருவமழை ஓயாமல் பெய்துகொண்டிருந்த ஒரு முற்பகலில், கண்டி நகரிலிருந்த எங்கள் கட்டடக்கலைஞர் அலுவலகத்திற்குக் கமலாசனி வேலை கேட்டு வந்தார். நான் அங்கே தட்டெழுத்தாளர். குடையை வரைபடச் சுருளுக்குப் பிடித்துக்கொண்டு, தாம் முழுக்க நனைந்து வந்திருந்தார். அன்றே அவரைப் படவரைஞராகச் சேர்த்துக்கொண்டார்கள்.

யாழ்ப்பாணப் பெற்றோரின் மகள்; கண்டியிலேயே பிறந்து வளர்ந்தவர். தந்தையார் மாவட்டக் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில், கட்டுகஸ்தோட்டைப் பக்கமிருந்த அவர்களுடைய வீடு எரிக்கப்பட்டது என்பதை மட்டும் நாங்கள் அறிவோம். அதைப் பற்றி அவர் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் கணினி வந்தபோது, சாய்மேசையையும் மைப்பேனாவையும் விட்டு முதலில் அதற்கு மாறியவர் அவரே. தாளில் இழுத்த கோட்டைத் திரையில் இழுத்தார்; அவ்வளவுதான். மின்வெட்டு நேரங்களில் திரைகள் இருண்டுவிட, நாங்கள் இருவரும் யன்னலோரம் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆறிப்போன தேநீரைக் குடித்தபடி மழையைப் பார்த்திருப்போம். அந்த அமைதிக்காக மின்சாரம் வராமலிருக்கட்டும் என்றுகூட நான் வேண்டியதுண்டு.

2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்த அமைதி குலைந்தது. பல்லேகலவில் தொழிற்சாலை கட்டவிருந்த வெளிநாட்டு நிறுவனம் ஒன்று, தனித்தனி வரைபடங்கள் வேண்டாம், கட்டடம் முழுவதும் ஒரே மாதிரியுருவாகக் கணினிக்குள் நிற்க வேண்டும் என்றது. அதற்கென ஒரு புதிய மென்பொருள் வந்தது. சித்திரை விடுமுறைக்குள் அதைக் கற்றுக்கொள்ளாதவர்களுக்கு இனி வேலையில்லை என்று அலுவலகத் தலைவர் இராமநாதன் அறிவித்தார். வீதிக்கு வீதி அடையாள அட்டையைக் கேட்ட போர்க்காலம் அது. ஐம்பதை நெருங்கிய, தனியே வாழ்ந்த ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு வேறெங்கும் வேலை கிடைக்கும் என்று கமலாசனி நம்பவில்லை.

முதற் பயிற்சியாக ஒரு சிறு கட்டடத்தை வரைந்தார். திரையில் அது குறையின்றித் தெரிந்தது. மடவளையைச் சேர்ந்த இளம் கட்டடக்கலைஞர் நளீர், அதை முப்பரிமாணத்தில் திருப்பிக் காட்டினார். ஒரு சுவரும் இல்லை. எல்லாக் கோடுகளும் தரையோடு தரையாகக் கிடந்தன.

"என்ன அக்கா, பாய் விரிச்சி வெச்சிருக்கீங்க? படுக்கவா?" என்றார் நளீர்.

"பகிடி விடாதையும். போன மாதம் வரைக்கும் உம்மடை சுவரும் இப்பிடித்தான் படுத்துக் கிடந்தது."

அறையே சிரித்தது. ஆனால், அவருடைய முகம் வாடியிருந்ததை நான் கவனித்தேன். இரண்டு கோடுகளை இணையாக இழுத்தால் அது சுவர் என்று இருபது ஆண்டுகளாக அவருடைய கை பழகியிருந்தது. புதிய மென்பொருளுக்கோ கோடு வேறு, சுவர் வேறு. சுவரென்றால் அது எந்த மட்டத்தில் தொடங்கி எந்த மட்டத்தில் முடிகிறது, எதனால் ஆனது என்றெல்லாம் சொல்ல வேண்டும். கை மறுபடியும் மறுபடியும் கோட்டையே இழுத்தது.

"இப்பிடிச் சரிவராது அக்கா. நல்லாத் தெரிஞ்ச வீடொண்ட கட்டிப் பாருங்க" என்றார் நளீர்.

"எனக்கு நல்லாத் தெரிஞ்சது ஒரு வீடுதான். அது இப்ப இல்லை" என்றார் கமலாசனி.

அன்று முதல் மதிய இடைவேளைகளில் அந்த வீட்டைக் கட்டத் தொடங்கினார். மென்பொருள் கேட்ட ஒவ்வொன்றுக்கும் நினைவிலிருந்து விடை தேடினார். குளியலறை வாசலில் அப்பா தலையைக் குனிந்துகொண்டு வருவார். ஆகவே நிலை இவ்வளவு உயரம். பின்விறாந்தை, மலைச்சரிவில் கூடத்தைவிடத் தாழ்ந்திருந்தது. அங்கிருந்து பார்த்தால் கூடத்தில் இருப்பவர்களுடைய கால்கள் கண்ணுக்கு நேரே தெரியும். ஆகவே மட்டம் இவ்வளவு. இரண்டு கோடுகளால் அந்த வீட்டை நினைக்க இயலாததால், அவருடைய கை கோட்டை மறந்தது.

ஒருநாள் என்னை அழைத்தார். திரையில் ஓட்டுக் கூரையுடன் ஒரு வீடு நின்றது. அதை மெல்லச் சுழற்றிக் காட்டினார்.

"இந்தப் பக்கத்தாலைதான் நெருப்பு வைச்சவங்கள்" என்றார். பிறகு வீட்டைத் திருப்பி, முன்வாசலைக் காட்டி, "இதாலைதான் நாங்கள் பள்ளிக்கூடம் போறனாங்கள்" என்று சிரித்தார்.

சித்திரை விடுமுறை முடிந்ததும் பல்லேகல வேலை அவரிடமே கொடுக்கப்பட்டது. அதன் சுவர்கள் முதல் நாளே எழுந்து நின்றன. நாங்கள் இருவரும் சேர்ந்திருக்கும் வேளைகள், இப்போது மதியங்களில், திரும்பி வந்தன. தம்முடைய வீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அறையிலும் நடந்த கதைகளைச் சொல்வார். ஊறுகாய்ச் சாடியை உடைத்துவிட்டு அண்ணர் ஒளிந்த அலுமாரி எந்த மூலையில் நின்றது என்பதுகூட எனக்குத் தெரியும்.

2008ஆம் ஆண்டின் இறுதியில் புற்றுநோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. 2009 மாசியில், வன்னியிலிருந்து வரும் செய்திகளைக் கேட்க அஞ்சி, அவர் கிடந்த ஆஸ்பத்திரி வாட்டில் வானொலியைக்கூட நிறுத்தி வைத்திருந்தார்கள். நான் தோடம்பழச் சாறு கொண்டு போயிருந்தேன். அவர் குடிக்கவில்லை. வீட்டில் ஒரேயொரு யன்னல் மட்டும் மென்பொருள் தானாகக் கொடுத்த உயரத்திலேயே இன்னும் நிற்கிறது என்றும், சரியான உயரத்தைச் சொன்னால் நளீர் மாற்றி வைப்பார் என்றும் கூறி, என் கையைப் பற்றினார்.

"இராசமணி அக்கா, ரொறன்ரோவுக்கு ரெலிபோன் எடுத்து அண்ணரைக் கேளுங்கோ. அம்மா குசினி யன்னலடியிலை நிண்டு எங்களைச் சாப்பிடக் கூப்பிடேக்கை, முத்தத்திலை நிண்ட எங்களுக்கு அவவின்ரை முகம் மட்டுமோ தெரிஞ்சது, கையும் தெரிஞ்சதோ?"