எந்தப் பக்கத்து இரத்தம்

ஒன்பது வயதில் நான் இரும்பு தின்று வளர்ந்தேன் என்றே சொல்லலாம். எழுபதுகளில் நாங்கள் மெல்பேர்ணில், கிளேட்டனில் இருந்தோம். அப்பா அங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் நான் பாதி வழியிலேயே குந்திவிடுவேன். முகம் வெளிறியே இருக்கும். இரத்தம் போதாது என்று விழுங்க இரும்புச்சத்துக் குளிசை தந்தார்கள். வயிறு கெட்டதுதான் மிச்சம்.

பிறகு ஒரு புதிய மருத்துவரிடம் போனோம். கிரேக்கப் பிள்ளைகள் பலரைப் பார்த்த அனுபவம் அவருக்கு. என் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, இரும்பு தாராளமாக இருக்கிறது, சிவப்பணுக்கள்தான் பிறவியிலேயே சிறுத்துப்போயிருக்கின்றன என்றார். கிரேக்கரிடையே அதிகம் காணப்படும் தலசீமியா என்ற இரத்த நோயின் கூறாம். தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரிய தீங்கில்லை. இருவரிடமிருந்தும் வந்தால் அந்தப் பிள்ளை ஆயுள் முழுக்க மற்றவர்களின் இரத்தத்தை ஏற்றிக்கொண்டே வாழவேண்டும். அதனால் அப்பாவும் அம்மாவும் சோதிக்கவேண்டும் என்றார். இருவரும் கையை நீட்டினார்கள். முடிவு என்ன என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அப்போது அப்பாவின் தங்கை எங்களோடு இருந்தார். அந்த மாமிக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். மெல்பேர்ணில் அந்த நாளில் தமிழ் மாப்பிள்ளை கிடைப்பது சும்மா இல்லை. மாப்பிள்ளையின் அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். மாமி கூச்சப்பட்டு வீட்டிலேயே நின்றுவிட்டார்.

சாப்பிடும்போது அந்த அன்ரி என் கன்னத்தைத் தொட்டார். "பிள்ளை என்ன இப்பிடி வெளிறிப்போயிருக்கிறா?"

மருத்துவரின் பெரிய சொற்களை எங்காவது சொல்லிக்காட்டக் காத்திருந்தவள் நான். எனக்கு இரத்தத்தில் கோளாறு, அது பரம்பரையாக வருவது என்று மூச்சுவிடாமல் ஆங்கிலத்தில் ஒப்பித்தேன்.

அன்ரியின் கை கறிச்சட்டிக்கு மேலேயே நின்றது. "பரம்பரையோ? எந்தப் பக்கத்தாலை?"

அப்பா கோப்பையிலிருந்த சோற்றையே பார்த்தபடி பிசைந்தார்.

"என்ரை பக்கத்தாலை அக்கா," என்றார் அம்மா. "இவையின்ரை பக்கத்திலை ஒருத்தருக்கும் இப்பிடி இல்லை."

அன்ரி அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, அப்பாவுக்கு இன்னொரு கோழித்துண்டு வைத்தார். "பாவம், கட்டின நேரம் உங்களுக்கு என்ன தெரியும்," என்றார். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைச் சாப்பிடவும் இல்லை. இத்தனை பேர் முன்னால் அம்மா பழுதான சாமான்போல் இருந்தது எனக்குத் தாங்கமுடியவில்லை. அவர் சேலை என்மேல் படாதபடி கதிரையைச் சற்றே நகர்த்திக்கொண்டேன். அம்மா அதைப் பார்த்தார்.

கலியாணம் நடந்தது. அதற்குமுன் அம்மா மாமியை அதே மருத்துவரிடம் கூட்டிப்போய் இரத்தம் சோதித்து, குறையில்லை என்று தெரிந்தபிறகுதான் நாள் குறிக்கவிட்டார் என்பது எனக்குப் பின்னால் தெரியவந்தது. பல வருடங்கள் கழித்து நான் கர்ப்பமாக இருந்தபோது, தலசீமியா யாரிடமிருந்து வந்தது என்று மருத்துவமனையில் கேட்டார்கள். அம்மா பக்கத்தில் இருந்தார். அவரிடமிருந்து என்றேன்.

"என்ரை இரத்தத்திலை ஒண்டுமில்லை, பிள்ளை," என்றார் அம்மா சாதாரணமாக. "அது அப்பாவின்ரை. அண்டைக்குச் சாப்பிடப் போக முதலே எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும். அந்த மனுசி அதை அறிஞ்சிருந்தால் மாமியின்ரை கலியாணம் அதோடை சரி."

அந்த ஞாயிறு வீடு திரும்பும்போது நான் காரின் பின்னிருக்கையில் இருந்தேன். அப்பா வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா அவருடைய தோளில் கை வைத்தார். "விடுங்கோ," என்றார்.

அம்மா மன்னிப்புக் கேட்கிறார் என்றே அன்று நினைத்தேன். இப்படி ஒரு இரத்தத்தை வீட்டுக்குள் கொண்டுவந்ததற்கு அப்பா அவரை மன்னிக்கவேண்டுமே என்று எனக்குக் கவலையாக இருந்தது.