தேரியில் என் மகள் கிடக்கும் இடம்

ஆனி பிறந்தாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். தூத்துக்குடியில் எங்கள் மளிகைக் கடை வாசலில் கட்டிய படுதா படபடவென்று அடிக்கத் தொடங்கியதும் மனசு சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்கு ஓடும். தேரி என்றால் கண்ணுக்கெட்டிய தூரம் செம்மணல் மேடு. அங்கே என் வீட்டுக்காரரின் பூர்வீக நிலத்தில்தான், பதினோரு மாதத்தில் காய்ச்சலில் போன எங்கள் மகளைப் புதைத்தோம்.

நான் டவுனில் வளர்ந்தவள். மண் என்றால் போட்ட இடத்தில் கிடக்கும் என்று நினைத்திருந்தேன். தேரி மணலோ ஆடிக் காற்றில் மேற்கே கிளம்பிக் கிழக்கே போய் விழும். ஒரு பனைக்கு வேரெல்லாம் வெளியே தொங்கும். அடுத்த பனை கழுத்துவரை புதைந்திருக்கும்.

முதல் ஆடியிலேயே குழி மேலிருந்த மண் ஒரு சாண் குறைந்துவிட்டது. பதறிப்போனேன். நாய், நரி வந்து தோண்டினால் என்ன செய்வது? வாரா வாரம் பஸ் ஏறிப் போய்க் பனையோலைக் கடகப் பெட்டியில் மண் அள்ளிக் கொட்டினேன். கொட்டிவிட்டு நிமிர்வதற்குள் பாதி பறந்துவிடும். "சனியன் பிடிச்ச காத்தே, ஒனக்கு என்னதான் வேணும்?" என்று கத்தியிருக்கிறேன். வாய்க்குள் மணல் போனதுதான் மிச்சம்.

பிறகு அவர் ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்து சிமெண்டில் கல்லறை கட்டினார். "யக்கா, ஆனையே வந்தாலும் அசையாது, பாத்துக்கிடுங்க" என்றார் கொத்தனார். நானும் நம்பித் தொலைத்தேன். வெறும் மணலாக இருந்தவரை காற்று மேலே மட்டும் வழித்துக்கொண்டு போனது. சிமெண்டு குறுக்கே நின்றதும் இரண்டு பக்கமும் சுழன்று அடியைத் தோண்ட ஆரம்பித்தது. இரண்டே ஆடியில் கல்லறை மேசை மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. அன்றைக்கு வீட்டுக்காரரைத் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. அவர் சாக்கில் மணல் நிரப்பி அடியில் திணித்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து திணித்தேன்.

ஒன்பது வருஷம் இதே பாடு. பக்கத்து மேடு வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக எங்களை நெருங்கி வந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. எங்கள் கண் தரையிலேயே இருந்தது.

போன வருஷம் அவருக்குக் கால் ஒடிந்து கட்டுப் போட்டிருந்ததால் ஆனியிலும் ஆடியிலும் போக முடியவில்லை. ஆவணியில், அவள் போன நாளன்று, பாலும் பிச்சிப்பூவுமாகப் போனோம். கல்லறையைக் காணோம். அடையாளத்துக்கு இருந்த உடைமரத்தையும் காணோம். மேடு மொத்தமாக எங்கள் நிலத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

"ஏளா, இனி நாயும் தொடாது, நரியும் தொடாது. நாம கேட்டது இதானே?" என்றார் அவர்.

கேட்டதுதான். ஒரு பெட்டி மண் நிற்காதா என்று ஒன்பது வருஷம் கெஞ்சினேன். இப்போது இரண்டு ஆள் உயரத்துக்குக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது பாவிக் காற்று.

"சரி, பால எங்கன ஊத்தணும்?" என்று கேட்டேன்.

அவர் ஊன்றுகோலால் ஓர் இடத்தைக் காட்டினார். நான் பத்தடி தள்ளி வேறோர் இடத்தைக் காட்டினேன். இரண்டு பேருக்குமே நிச்சயமில்லை. பெற்ற பிள்ளை கிடக்கும் இடம் தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றோம்.

செம்பை எடுத்துக்கொண்டு மேட்டில் நடந்து நடந்து சொட்டுச் சொட்டாக ஊற்றினேன். ஒரு சொட்டாவது அவளுக்கு நேர் மேலே விழாதா என்றுதான். பாதி மேடுகூடத் தாண்டவில்லை, செம்பு காலியாகிவிட்டது.